போ என்று நான் சொன்னவள்

அந்த வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மா அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

டாக்டரம்மா. வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவர்.

பெரிய சிஸ்டர். வார்டு அவர் பொறுப்பு.

கவுன்சிலிங் பார்க்கிற பெண். படிப்பு முடித்து வேலைக்கு வந்து எட்டு மாதம். என் மகளை விடச் சின்னவள்.

நோயாளியின் அண்ணன்.

நோயாளியின் ஆத்தா. பெற்ற தாய்.

நோயாளி. வீல் சேரில், கையில் குளுக்கோஸ் ஊசியோடு.

கதவை ஒட்டி நான், வார்டு ஆயா.

அண்ணன் மடியில் ஒரு பேப்பர் இருந்தது. என் சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறேன் என்று அச்சடித்த பேப்பர். கையெழுத்து மட்டும் பாக்கி. வாசலில் கார் நின்றது.

புதிதாக வார்டு வேலைக்கு வந்திருக்கிற நீங்கள் மூன்று பேரும், அக்கா பத்தொன்பது வருசம் இருந்தீங்களே, ஏதாவது எழுதிக் கொடுங்க என்றீர்கள். நான் ஆறாவது வரைதான் படித்தேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். துடைக்கிறது, துணி மாற்றுகிறது, ஊசிக் குப்பையைப் பிரிக்கிறது எல்லாம் சிஸ்டரே சொல்லித் தருவார். அது இதில் இல்லை. நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணுக்குச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். அது அவள் பெயர் இல்லை. இருபத்து நாலு வயது. கீரமங்கலம் பக்கம். வீட்டில் பூந்தோட்டம். பூக்கட்டுகிற கை.

ஒரு நாள் கட்டின பூவைக் கடையில் போடப் போனவள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் கிடைத்தாள். எப்படி வந்தாய் என்றால் தெரியவில்லை. கையில் வேறு யாருடைய பையோ இருந்தது. அதற்கு முன்னாலும் இப்படி நடந்திருக்கிறது. வீட்டில் பேய் என்றார்கள். ஒரு இடத்தில் உச்சி முடியை முடிந்து மரத்தில் ஆணி அடித்தார்கள். இன்னொரு இடத்தில் வேப்பிலையால் அடித்தார்கள். மூன்றாவது இடம் பேசி முடித்திருந்தார்கள். அது சங்கிலி போட்டுக் கட்டி வைக்கிற இடம். அந்த நேரத்தில் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தான். முதலில் ஆஸ்பத்திரியில் பார்ப்போம் என்று திருமயம் ரோட்டில் இருக்கிற நம் மனநல வார்டுக்குக் கூட்டி வந்தவன் அவன்தான். பதினைந்து நாள் பார்ப்பேன், அப்புறம் ஊர்க்காரர்கள் சொல்கிறபடி செய்வேன் என்று சொல்லித்தான் சேர்த்தான். அவனைக் கெட்டவன் என்று நினைக்காதீர்கள்.

முதல் நாள் சிஸ்டர் அவனிடம், கவுன்சிலர் வந்து ஒங்ககிட்ட பேசுவாங்க என்றார். எந்த வார்டு கவுன்சிலர், எந்தக் கட்சி என்று கேட்டான். அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்ததும் இன்னும் குழம்பிப் போனான்.

வார்டில் செல்வியை மூன்று விதமாகப் பார்த்தோம்.

ஒன்று, செல்வி. மெதுவாகப் பேசுவாள். பக்கத்துக் கட்டில்காரிக்குத் தலை வாரி விடுவாள்.

ஒன்று, ஆறு வயதுப் பிள்ளை மாதிரி. கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மழலை. கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் காதைப் பொத்தும்.

இன்னொன்று, தன்னைப் பெரியவ என்று சொல்லும். குரல் தடித்துப் போகும். என்னை ஏ கெழவி என்பாள். ஆம்பளை யாரையும் கிட்டே விட மாட்டாள். காய்கறிக்காரர் வந்தாலும் சரி, டெக்னீசியன் வந்தாலும் சரி, முன்னால் போய் நிற்பாள்.

எங்கள் எல்லாருக்கும் செல்வியைப் பிடிக்கும். சின்னதைப் பார்த்தால் இரக்கம். பெரியவளைக் கண்டால் ஆகாது. உள்ளதைச் சொல்கிறேன்.

நடிக்கிறாளா என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் பெரியவள் சுவரில் குத்தி முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துச் செல்வி அந்தக் கையைப் பார்த்தாள். முகம் வெளிறிப் போனது. என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஆணி கிழிச்சிருச்சுக்கா" என்று சிரித்தாள். அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்கிறதுக்குத்தான் அவள் நடித்தாள். எத்தனை வருசமாக இப்படிச் சிரித்துச் சமாளித்தாளோ.

டாக்டரம்மா நோய்க்குப் பேர் வைக்க அவசரப்படவில்லை. வலிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். தலையை ஸ்கேன் எடுத்தார். போதைப் பழக்கம் உண்டா என்று விசாரித்தார். எல்லாம் இல்லை என்ற பிறகுதான் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கவுன்சிலிங் பெண் விளக்கினாள். அவள் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இது. ரொம்பச் சின்ன வயதில், தாங்க முடியாத ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால், பிள்ளை ஓட முடியாது. வீட்டை விட்டு எங்கே போகும். அப்போது மனது தன்னையே அறை அறையாகத் தடுத்துக்கொள்ளும். ஒரு அறைக்குத் தெரிந்தது இன்னொரு அறைக்குத் தெரியாது. பிள்ளை வளர்ந்த பிறகும் தடுப்பு அப்படியே நிற்கும். இதில் பேயும் இல்லை, பொய்யும் இல்லை. தடுப்பை இடிக்கவும் கூடாது. பேசிப் பேசி, வருசக்கணக்கில், உள்ளுக்குள்ளே ஒன்றுக்கொன்று பழக வேண்டும். தூக்கத்துக்கு, பயத்துக்கு மாத்திரை உண்டு. இதற்கென்று ஒரு மாத்திரை கிடையாது.

எங்களுக்கு அவள் சொன்ன வேலை கொஞ்சம்தான். யார் வந்தாலும் ஒரே மரியாதை. யார் நீ என்று கிண்டிக் கேட்காதே. ஒருத்தியைக் கொஞ்சி ஒருத்தியை விரட்டாதே. எல்லாம் ஒரே ஆள்.

நான் ஒரு காதில் கேட்டேன். எட்டு மாதப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இன்னொரு காது சொன்னது. நான் பிறந்தது ஆவூர் பக்கம். ஜெபம் பண்ணிப் பேய் ஓட்டுகிறதைச் சின்னதிலிருந்து பார்த்தவள். உடுக்கை அடிக்கிறவரையும் பார்த்திருக்கிறேன். ஓதித் தண்ணீர் தெளிக்கிறவரையும் பார்த்திருக்கிறேன். சாமி வேறு, மந்திரம் வேறு. கேள்வி மட்டும் எல்லாரிடமும் ஒன்றுதான். நீ யாரு. ஒனக்கு என்ன வேணும். குடுத்தா போயிருவியா.

திங்கட்கிழமை மத்தியானம். சிஸ்டர் ஆபீசில் மீட்டிங். கவுன்சிலிங் பெண்ணும் அங்கே. பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரை வரச் சொல்லியிருந்தேன். நானே கூட்டி வந்தேன். பெரியவள் வார்டு வாசலை மறித்து நின்றாள். கையில் வாளிக் கைப்பிடி. கம்பி. பிளம்பர் வெலவெலத்துப் போனார்.

மீட்டிங்குக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். இரண்டு நிமிச நடை. நான் அனுப்பவில்லை. இதை நானே முடிக்கிறேன் என்று நினைத்தேன்.

"யாரு நீ?"

"பெரியவ."

"ஒனக்கு என்ன வேணும்?"

"அவன் உள்ள வரக்கூடாது."

பிளம்பரைப் போகச் சொன்னேன். வேறு என்ன வேண்டும் என்றேன். டீ கேட்டாள். சீனி தூக்கலாகப் போட்டுக் கொடுத்தேன். கம்பியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து குடித்தாள். வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"கேட்டதெல்லாம் குடுத்தாச்சுல்ல. போயிரு. இனிமே இந்தப் புள்ள பக்கம் வராத."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"நான் போனா இவள யாரு பாத்துக்குவா?"

"நாங்க பாத்துக்குறோம். நீ போ."

தலை தொங்கிவிட்டது. நிமிர்ந்தபோது அந்தப் பார்வை இல்லை. போய்ப் படுத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரி, ஆயாம்மா ஓட்டிட்டாங்க என்று எல்லாரிடமும் சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாடு அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று வேளையும் அப்படியே. வாயைத் திறக்கவில்லை. தண்ணீரும் இறங்கவில்லை. பேச்சில்லை. கண் கூரையில் நின்றது. புதன்கிழமை குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

தட்டு கழுவுகிறவள் நான். யார் எவ்வளவு தின்றார்கள் என்று சிஸ்டர் நோட்டைப் பார்த்துச் சொல்லுவார். நான் தட்டைப் பார்த்துச் சொல்லுவேன். செவ்வாய்க்கிழமை தொட்டியடியில் நின்று அந்த முழுத் தட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. செல்வி எப்போதும் பசிக்கலக்கா என்று தள்ளி வைப்பாள். சின்னது கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வராது. சேர்த்ததிலிருந்து அந்தப் பத்து நாளும் தட்டைக் காலி பண்ணினது பெரியவள். வந்ததும் முதலில் சோற்றைத்தான் இழுப்பாள். கொலைப்பசிக்காரி என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்த உடம்புக்கு வேண்டியதைத் தின்றவள், அதைக் காவல் காத்தவள் எல்லாம் அவள்தான். அவளைத்தான் நான் போ என்றேன்.

இது எனக்கு மட்டும் தெரியும். கவுன்சிலிங் பெண் ஒவ்வொருத்தரிடமும் வந்து திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேட்டாள். என்னிடமும் கேட்டாள்.

"ஏதோ நடந்துருக்குக்கா. தெரிஞ்சா சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

பிளம்பர் வந்தார், அவள் மறித்தாள், திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன். அது வரைக்கும் உண்மை. மீதியை விழுங்கிவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. பேய் ஓட்டினவள் என்று வந்த பேர் போய்விடும் என்ற பயம் பாதி. வியாழக்கிழமை முழுக்கத் துடைத்த தரையையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் லேசாக இருந்திருக்கும். நடந்து வந்த பிள்ளையை வீல் சேரில் காட்டுகிறீர்கள் என்றான். வருகிற வியாழக்கிழமை எனக்கு ஃப்ளைட், அதற்குள் ஏதாவது ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் போக முடியும் என்றான். டாக்டரம்மா இன்னும் கொஞ்ச நாள் கேட்டார்.

"பேயும் இல்லங்கிறீங்க. மாத்திரையும் இல்லங்கிறீங்க. பின்ன என்னதாங்க இருக்கு ஒங்ககிட்ட?"

அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். ஆத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்வி யாரையும் பார்க்கவில்லை. பேனா மூடியைக் கழற்றினான். கையெழுத்து விழுந்தால் கார் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும்.

"தம்பி, இருங்க. தப்பு பண்ணுனது நான்."

சொல்லிவிட்டேன். கேட்டது, கொடுத்தது, விரட்டினது, தட்டு, எல்லாம். சிஸ்டர் முகம் சுண்டிப் போனது. டாக்டரம்மா, நீங்கள் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அதற்கு அவள் என்ன கேட்டாள் என்றாள் கவுன்சிலிங் பெண்.

"நான் போனா இவள யாரு பாத்துக்குவான்னு கேட்டா."

கவுன்சிலிங் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

டாக்டரம்மா அண்ணனிடம் திரும்பினார். நீங்கள் கூட்டிப் போகிற இடத்திலும் இவர் கேட்டதைத்தான் கேட்பார்கள், இவர் விரட்டினதையேதான் விரட்டுவார்கள், கூடச் சங்கிலி இருக்கும், நாலு நாளில் என்ன ஆனது என்று உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது என்றார். எங்கள் ஆள் செய்த தப்புக்கு நான் பொறுப்பு என்றும் சொன்னார்.

அவனுக்கு அது சட்டென்று ஏறவில்லை.

"அப்ப அந்த அடங்காப்பிடாரிதான் நல்லவளா?"

"நல்லவ கெட்டவன்னு ரெண்டு பேரு இல்லண்ணே" என்றாள் கவுன்சிலிங் பெண். "எல்லாம் ஒங்க தங்கச்சிதான். பயந்து ஒளிஞ்சதும் அவதான். அடிக்க வந்த ஆள எதுத்து நின்னதும் அவதான்."

"யாரு அடிக்க வந்தா?"

அவன் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தான். கடைசியில் ஆத்தாவைப் பார்த்தான். ஆத்தா தலையை நிமிர்த்தவே இல்லை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. அவன் பேனாவை மூடினான்.

அதற்குப் பிறகு அந்த அறையில் பேசினதை நான் எழுத மாட்டேன். அது செல்விக்குச் சொந்தமானது. நீங்களும் இப்படிக் காதில் விழுந்ததை வெளியே கொண்டு போகாதீர்கள். டீக்கடைக்கும் வேண்டாம். வீட்டுக்கும் வேண்டாம்.

வியாழக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன் என்றான். ஆறு நாள்.

வெளியே வந்ததும் சிஸ்டர் என்னை நிறுத்தினார்.

"வாயத் தொறக்க நாலு நாளா ஒனக்கு?"

ஒரு மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

செல்வியிடமிருந்து என்னைத் தள்ளி வைப்பார்கள் என்று நினைத்தேன். கவுன்சிலிங் பெண் வேறு மாதிரி சொன்னாள். போகச் சொன்னது நீங்கள், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியதும் நீங்கள் என்றாள். எப்படி என்று கேட்டேன். பெரியவளே வா என்று கூப்பிடக் கூடாது. யார் நீ என்று கேட்கக் கூடாது. கெஞ்சக் கூடாது. உயரத்தில் நின்று பேசக் கூடாது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒரே வார்த்தை, ஒரே குரலில், வேளை தவறாமல் சொல்லுங்கள் என்றாள். எட்டு மாதப் பிள்ளை சொன்னதை அன்று இரண்டு காதிலும் கேட்டேன்.

தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"செல்வி, நான் வார்டு ஆயா. திங்கக்கெழம போயிருன்னு சொன்னேன். அது என் தப்பு. யாரும் போக வேண்டியதில்ல. இன்னிக்கு வெள்ளிக்கெழம. இது ஆஸ்பத்திரி. கதவு தெறந்துதான் கெடக்கு. சோறு இந்தா இருக்கு."

தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அரை மணி நேரம் கழித்து எடுத்தேன். அப்படியே இருந்தது.

ராத்திரி சொன்னேன். சனிக்கிழமை காலை சொன்னேன். கிழமையை மட்டும் மாற்றிச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரி, என்ன ஆயாம்மா, போன பேயத் திருப்பிக் கூப்புடுறீங்க என்றாள். வார்டே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன். சனிக்கிழமை மத்தியானமும் சொன்னேன். ராத்திரியும் சொன்னேன். தட்டு அப்படியேதான் வந்தது. கழுவி வைத்தேன். இடுப்பு வலித்தது. தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிற வயதா எனக்கு. அடுத்த வேளைக்கும் போய் உட்கார்ந்தேன்.

இது பிரார்த்தனை மாதிரி என்று நினைக்காதீர்கள். நம்பிக்கை இருந்ததா என்றால் பாதி நேரம் இல்லை. வேலை. உடைத்தவள் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி. சொல்லிவிட்டு, தட்டையும் டீயையும் வைத்துவிட்டு எழுந்தேன். கதவு வரை போயிருப்பேன்.

"ஏ கெழவி. சீனி பத்தல."

குரல் கரகரவென்று இருந்தது. ஐந்தாறு நாள் பேசாத தொண்டை. திரும்பினேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள். டம்ளர் கையில் இருந்தது. வந்தது பெரியவள்தானா, பெரியவளின் பேச்சைச் செல்வி பேசினாளா எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முயலவில்லை. யார் என்று கேட்கவில்லை. சீனி டப்பாவை எடுத்து வந்து கொடுத்தேன். அவளே போட்டுக்கொண்டாள். அரை இட்லி தின்றாள். நான் போய்ச் சிஸ்டரிடம் சொன்னேன். இந்தத் தடவை ஓடிப் போய்ச் சொன்னேன்.

வியாழக்கிழமை அண்ணன் ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் வந்தான். வார்டு வாசலிலேயே நின்றான். ஆம்பளை என்பதால் உள்ளே வரவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கிட்டு இருந்தே, செல்வி, வரவா என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அப்புறம்தான் வந்தான். ஆத்தா வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், ஆலங்குடியில் என் மாமியார் வீட்டில் என் பெண்சாதியோடு இருக்கட்டும் என்று சிஸ்டரிடம் சொன்னான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். எனக்கு அது போதும்.

இன்னும் ஒரு மாதம் வார்டில் இருந்தாள். பிறகு மாதா மாதம் கவுன்சிலிங்குக்கு வர வேண்டும். முதல் நாலு தடவை அண்ணி கூட்டி வந்தாள். ஐந்தாவது தடவை தனியாக வரட்டுமா என்று செல்வி கேட்டாள். டாக்டரம்மா யோசித்துத்தான் சரி என்றார்.

அவள் பையில் ஒரு நோட்டு இருக்கும். கவுன்சிலிங் பெண் ஏற்பாடு. உள்ளே இருக்கிற ஒருத்திக்குத் தெரிந்ததை இன்னொருத்திக்கு எழுதி வைக்கிற நோட்டு. ஒரு நாள் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தில் பயந்து, சின்னப் பிள்ளையாக மாறி நின்றிருக்கிறாள். நோட்டைப் பிரித்திருக்கிறாள். அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததை வார்டுக்கு வந்து என்னிடம் காட்டினாள். பயப்படாத. திருமயம் பஸ்ஸில் ஏறு. முன் சீட்டில் பொம்பளை பக்கத்தில் உக்காரு. நான் கூடத்தான் இருக்கேன்.

குணமாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். சில மாதம் நன்றாக இருந்தாள். ஒரு தீபாவளிக்குப் பிறகு மறுபடி வார்டில் பத்து நாள் படுத்தாள். எழுந்தாள். பூக்கட்டப் போனாள். இது அப்படித்தான் போகும். உங்கள் வேலை, அவள் வருகிற அன்று யாராக வந்தாலும் வாங்க என்று சொல்லி நாற்காலி போடுவது. தெரியாமல் ஒரு தப்புச் செய்துவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லுவது. நான் நாலு நாள் விட்டேன். அந்த நாலு நாளை அவள் உடம்பு கொடுத்தது.

என் கடைசி நாள் வரைக்கும் அவள் பஸ் ஏறித் தனியாக வந்ததை, ரிஜிஸ்தரில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வேலையிலிருந்து நின்றேன்.

முப்பத்தொரு தடவை.